கல்லூரியும் குடியிருப்பும்: மாணவர் நலப்பணியின் வரலாறு

கல்லூரிக் கல்வியின் பயன் யாது என்னும் வினா பழமையானது. பட்டமும் பதவியும் பெறுதலே அதன் பயன் என்போர் பலர். கற்றவர் தம் கல்வியைக் கல்லாதார் வாழும் தெருவிற்கும் கொண்டு சேர்த்தல் வேண்டும் என்போர் சிலர். அச்சிலரின் கருத்தே நாளடைவில் அரசின் திட்டமாக உருப்பெற்றுக் கல்லூரிகளில் கால்கொண்டது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அது நம் மக்களுக்கு எவ்வளவு பயன்பட்டது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோடிகள்

அரசு எண்ணிப் பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஒடுக்கப்பட்டோர் தம் கல்வியைத் தம் மக்களுக்கு ஈந்தனர். மராட்டிய மண்ணில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848இல் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். சென்னையில் பண்டிதர் அயோத்திதாசர் போன்றோரின் ஒத்துழைப்போடு கர்னல் ஆல்காட் 1894இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வெள்ளி விழாக் காணும் நம் சங்கமும் இம்மரபின் வழிவந்ததே.

திட்டம் உருவான வகை

விடுதலைக்குப் பின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர் தாமே விரும்பி நாட்டுப் பணியில் ஈடுபடுதல் வேண்டுமெனக் கருதியது. 1959இல் சி. டி. தேஷ்முக் தலைமையிலான குழு, இதனைக் கட்டாயமாக்கலாம் எனப் பரிந்துரைத்தது. ஆயினும் அது நடைமுறைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு கே. ஜி. சையதைன் அவர்கள் பிற நாடுகளின் முறைகளை ஆராய்ந்து, விருப்பத்தின் பேரில் அமையும் பணியே ஏற்றது என அறிக்கை அளித்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவோ, கல்வியின் எல்லா நிலைகளிலும் சமூகப் பணி இடம்பெற வேண்டும் என்றது.

இவ்வாறு குழுக்கள் ஆராய்ந்து கொண்டிருந்த காலத்திலேதான், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும்புயல் நம் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் கடல் அலையில் சிக்கி மாண்டோர் பலர். அத்தகைய வேளையில் துயர் துடைக்கும் பயிற்சி பெற்ற மாணவர் படை நாடெங்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பதை உணர்த்த, இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

சீனப் போருக்குப் பின், 1963இல், தேசிய மாணவர் படை கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக நலப்பணியையும் மாணவர் தேர்ந்துகொள்ளலாம் என்னும் எண்ணம் 1967இல் கல்வி அமைச்சர்கள் மாநாட்டிலும் துணைவேந்தர்கள் மாநாட்டிலும் வலுப்பெற்றது. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தை 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கி வைத்தார். முதலில் சேர்ந்த மாணவர் 40,000 பேர். நான்காம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இதற்கென 5 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம் இதன் சின்னமாயிற்று. ஒரு தொண்டர் ஆண்டிற்கு 120 மணி நேரம் பணியாற்றுவதும், தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்குவதும் இதன் முறையாகும்.

பின்னர் 1977இல் பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தல், ஆராய்ச்சி என்பவற்றோடு விரிவாக்கப் பணியையும் உயர்கல்வியின் மூன்றாம் கடமையாக ஏற்றது. திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம் இதற்கு முன்பே இவ்வழியில் நடந்து காட்டியது. டாக்டர் சௌந்திரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய அந்நிறுவனத்தில் 1956இல் கிராமியக் கல்வி நிலையம் தோன்றி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1991இல் நம் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கத்தில் தொண்டர்கள் எழுத்தறிவித்ததோடு, பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் கற்றுச் சாலையில் சென்ற காட்சியை நாடே வியந்து நோக்கியது.

பிற நாடுகளில்

மெக்சிகோவில் மருத்துவ மாணவர் சிற்றூரில் பணிசெய்யும் முறை 1936இல் தொடங்கியது. நைஜீரியாவில் உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1973இல், பட்டதாரிகள் தம் மாநிலம் விட்டுப் பிற மாநிலத்தில் ஓராண்டு பணிசெய்யும் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1960களின் இறுதியில், பணியையும் பாடத்தையும் ஒன்றாக இணைத்து நடத்தும் முறைக்குப் ‘பணிவழிக் கல்வி’ என்னும் பொருள்படும் பெயர் வழங்கலாயிற்று. மாணவர் வெளியே செய்த பணியை வகுப்பறையில் ஆராய்ந்து எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் பெறுவர். பணியும் பாடமும் தனித்தனியே நிற்கும் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். நம் நாட்டிலும் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, சமூகப் பணியை மதிப்புப் புள்ளி பெறும் பாடமாக வைக்கலாம் எனக் கூறியுள்ளது.

நம் கடற்கரையில்

இனி, நம் மாவட்ட நிலையை நோக்குவோம். சிறப்பு முகாம் நடைபெறும்போது மாணவர் தங்குமிடம் பெரும்பாலும் அரசுப் பள்ளிக் கட்டடமே. ஆதலின், எம்போன்ற தலைமையாசிரியர்கள் அவற்றை அருகிருந்து காணும் வாய்ப்புப் பெற்றவர்கள். மாணவரின் உழைப்பும் உவகையும் பாராட்டுதற்குரியன. ஆயினும் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. சில முகாம்களில் கோயில் வளாகமும் பெரிய தெருவும் தூய்மை பெறும். துடைப்பம் காலனியின் எல்லையில் நின்றுவிடும். காலனிக்கு வருவோரும் சிலவேளை உரை நிகழ்த்திச் செல்வரேயன்றி, அங்கு அமர்ந்து ஒரு வாய்த் தண்ணீர் அருந்தார். சமத்துவத்திற்குப் பாடுபட்டு 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் உயிர்நீத்த தியாகி இம்மானுவேல் சேகரனார் பிறந்த மாவட்டத்தில், இது சிறு குறையன்று. குப்பை அகற்றுவதற்கு ஏழு நாள் போதும். மனத்தடையை அகற்றுவதற்கு உடன் உண்ணலும் உடன் உறைதலும் வேண்டும்.

மற்றொரு மாற்றத்தையும் கருதுதல் வேண்டும். 1969இல் நம் குடியிருப்புகள் பணியைப் பெறும் இடங்களாகவே எண்ணப்பட்டன. இன்றோ நம் வீட்டுப் பிள்ளைகளே கல்லூரி மாணவர், அவர்களே தொண்டர். தம் தெருவின் தேவையை அவர்கள் எவரிடமும் கேட்டறிய வேண்டுவதில்லை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, கொரோனாக் காலத்து இழப்பை ஈடுசெய்ய உள்ளூர்த் தன்னார்வலரையே நாடியது இவ்வுண்மையை உணர்த்தும்.

ஆகவே நம் சங்கம் கல்லூரிகளின் முன் வைக்கத்தக்க வேண்டுகோள் மூன்று. முதலாவது, பணி பாடத்தோடு பொருந்துதல் வேண்டும். வேதியியல் மாணவர் உவர்ப்பேறிய நம் கிணறுகளின் நீரைச் சோதித்து முடிவை ஊராருக்கு விளக்கலாம். தாவரவியல் மாணவர் சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்க் கரைகளைக் கணக்கெடுக்கலாம். வணிகவியல் மாணவர், பாம்பன் பகுதியில் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்குக் கணக்கு எழுதக் கற்பிக்கலாம். வரலாற்று மாணவர் நம் முதியோரின் நினைவுகளை அவர்கள் உள்ளபோதே எழுதி வைக்கலாம். இரண்டாவது, எப்பணி வேண்டும் என்பதைக் குடியிருப்பு மக்களைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். மூன்றாவது, ஏழு நாளோடு முடியாமல், ஒரு குடியிருப்போடு ஒரு கல்லூரி மூன்றாண்டேனும் தொடர்பு கொள்ளல் வேண்டும். ஒரு தொகுதி மாணவர் விட்டதை அடுத்த தொகுதி தொடர்தல் வேண்டும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் குறிக்கோள், ‘எனக்காக அன்று, உனக்காக’ என்னும் பொருளுடையது. ‘நான்’ என்பவர் பெரிய தெருவினர், ‘நீ’ என்பவர் காலனியினர் என்னும் பிரிவு நீங்கும் வரை அக்குறிக்கோள் நிறைவு பெறாது. அதனை நீக்கும் பொறுப்பில் ஒரு பங்கு கல்லூரிகளுடையது. மறு பங்கு கற்று முன்னேறிய நம்முடையது. இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுப் பாடசாலைக்கும் உதவித்தொகைக்கும் உழைத்த பெரியோர், தம் பங்கினைக் குறைவின்றிச் செய்தனர். அவர்தம் உழைப்பால் கல்லூரி வாயிலைக் கடந்த இளைஞர்கள், அதே வாயில் வழியே தம் குடியிருப்பிற்குத் திரும்பி வந்து பணியாற்றுவார்களாக.