திரிகமுனைப்பும் மகப்பேற்று அளவையும்

திரிகவெலும்பின் மேல்விளிம்பு, நாரி முள்ளெலும்போடு பொருந்துமிடத்தில் முன்னோக்கிப் புடைத்து நிற்கும். கடலுள் நீண்ட நிலமுனையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இப்புடைப்பிற்கும் பெயராயிற்று. யாம் இதனைத் திரிகமுனைப்பு என்போம். இடுப்புக்கூட்டு மேல்வாயிலின் பின்னெல்லை இதுவே. முன்னெல்லை பூப்பெலும்புகள் இரண்டும் கூடும் பொருத்து. இவற்றின் இடைவெளி மிகக் குறுகின் குழவியின் தலை உள்ளிறங்காது. அவ்வெளியை உயிருள்ள தாயிடத்து அளந்தறிய முயன்ற வரலாறே ஈண்டு ஆராயப்படுகிறது.

மகப்பேற்றின்போது இடுப்பெலும்புகள் பிரிந்து வழிவிடும் என்பது மேலைநாட்டுப் பழைய மருத்துவர் கொள்கை. அது நிலவியவரை அளவைக்குத் தேவை தோன்றவில்லை. 1543-இல் வெளிவந்த வெசாலியசின் உடற்கூற்று நூல் அக்கொள்கையைத் தளர்த்தியது. இடுப்புக்கூட்டின் வடிவுக்கேடு மகப்பேற்றைத் தடுக்கும் என்பதை 1701-இல் ஒல்லாந்தராகிய தெவென்ட்டர் விளக்கினார். ரிக்கெட்சு நோயால் எலும்பு மென்மையுறுங்கால், உடற்பாரம் திரிகமுனைப்பை முன்தள்ளி வாயிலைச் சுருக்குகிறது.

இலண்டனில் 1752-இல் நூல் வெளியிட்ட வில்லியம் சுமெல்லி, முனைப்பை விரலால் தேடி அறியும் முறையைக் கற்பித்தார். பொருத்தின் கீழ்விளிம்பிலிருந்து முனைப்பு வரையுள்ள நீளத்தில் 1.5 முதல் 2 செ.மீ. கழித்து உண்மை இடைவெளியைக் கணிப்பது பின்னர் வழக்காயிற்று. பிரெஞ்சு மருத்துவர் போதலாக்கு வேறு நெறி கண்டார். அவர் கவராயம் கொண்டு உடலின் புறத்தே அளந்து, 3 அங்குலம் கழித்தார். இம்முறை தாய்க்கு வருத்தந் தாராதது. ஆயினும் எலும்பின் தடிப்பும் தசையின் பருமனும் ஆளுக்காள் வேறுபடுதலின், கழிக்கும் அளவு ஒன்றாக இருத்தல் இயலாது. ஆதலின் அது பிற்காலத்தே கைவிடப்பட்டது.

இப்பிழையைச் சிறிதென எண்ணுதல் கூடாது. வயிறு கீறி மகவெடுப்பின் தாயர் பெரும்பாலும் இறந்த காலம் அது. அதனாலன்றோ 1777-இல் பாரிசில் சிகோல்ட் என்பார் பூப்பெலும்புப் பொருத்தையே பிளந்து வழி செய்யத் துணிந்தார்! அரை அங்குலப் பிழை ஓருயிரைப் போக்க வல்லதாயிருந்தது.

இனி, சுமெல்லி வழி வந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. விரலுக்கு எளிதில் எட்டும் முனைப்பு ஐயத்திற்கு இடந்தரும். எட்டாத முனைப்பு வாயில் போதிய அகலமுடையது என்பதைக் காட்டும். ஈண்டு எட்டாமையே நற்குறி. இக்காலத்து மருத்துவர் இவ்வோர் அளவையை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. தலை இறங்கும் போக்கையும் நோக்குவர். எலும்பின் அளவு மாறாதெனினும், தலையின் அளவும் நிலையும் தாய்க்குத் தாய் வேறாதலின், அதுவே தக்க நெறி எனலாம்.