சாஸ்நாலா 1975: பெயர்ப்பதிவேடும் சுரங்க வரைபடமும்

1975 டிசம்பர் 27 அன்று பிற்பகலில், அன்றைய பீகார் மாநிலத்தின் தன்பாத் மாவட்டத்தில் (இன்றைய ஜார்க்கண்ட்) அமைந்த சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்துள் நீர் புகுந்தது. அச்சுரங்கத்தின் மேல்மட்டத்தில், முன்னர் வெட்டிக் கைவிடப்பட்ட பகுதிகளில் நெடுங்காலமாக நீர் தேங்கிக் கிடந்தது. அந்நீருக்கும் கீழே தொழிலாளர் பணியாற்றிய பகுதிக்கும் இடையே தடுப்பாக விடப்பட்டிருந்த நிலக்கரிப் படுகை உடைந்தது. மிகக் குறுகிய நேரத்தில் கீழ்த்தளங்கள் நிரம்பின. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் பட்டியல்படி இறந்தோர் 375 பேர். இந்தியச் சுரங்க வரலாற்றில் ஒரே விபத்தில் இத்தனை உயிர்கள் அதற்கு முன்பும் போனதில்லை. அதற்குப் பின்பும் போனதில்லை.

இவ்விபத்தைப் பற்றிய எழுத்துகளில் இரு முரண்பாடுகள் தொடர்ந்து காணப்படுகின்றன. முதலாவது, இறந்தோர் எண்ணிக்கை. சில இடங்களில் 372 என்றும் சில இடங்களில் 375 என்றும் அது குறிக்கப்படுகிறது. இரண்டாவது, காரணம். செய்திக் கட்டுரைகள் பலவற்றில் இது வெடிவிபத்து எனப்படுகிறது. இயக்குநரகத்தின் வகைப்பாட்டிலோ இது நீர்ப்பெருக்கு விபத்து. இவற்றைச் சிறு பிழைகளாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது. யார் உள்ளே இருந்தார், எவ்விடத்தில் நீர் இருந்தது என்னும் இரண்டு கேள்விகளே சுரங்கப் பாதுகாப்பின் அடிப்படை. முதற்கேள்விக்கு விடை தரவேண்டியது பெயர்ப்பதிவேடு. இரண்டாம் கேள்விக்கு விடை தரவேண்டியது சுரங்க வரைபடம். பொதுமக்களின் துயரம் முதல் ஏட்டைக் கேட்கிறது. அடுத்த விபத்தைத் தடுக்கக்கூடியது இரண்டாம் ஏடு. இந்தியச் சுரங்க விபத்துகளின் வரலாற்றை இவ்விரு ஏடுகளின் வரலாறாகவும் வாசிக்க இயலும்.

சுரங்கச் சட்டங்கள் மரணங்களைத் தொடர்ந்தே பிறந்தன என்பது இத்துறையில் நன்கறிந்த செய்தி. 1897இல் கோலார் தங்கவயலில் 52 பேரும், 1899இல் பலுசிஸ்தானத்தின் கோஸ்த் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேரும் இறந்தனர். கோலாரில் மண்ணுக்கடியில் உழைத்தோரில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து சென்ற தமிழ் பேசும் மக்கள். இவ்விரு விபத்துகளும், அதுவரை இழுபட்டுக்கொண்டிருந்த சட்ட முயற்சியை விரைவுபடுத்தின. 1901இல் முதல் இந்தியச் சுரங்கச் சட்டம் வந்தது. 1936 டிசம்பரில் ராணிகஞ்ச் வயலின் போய்டீ சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 209 பேர் இறந்தனர். அதன் பின் அமைந்த குழுவின் பணியை ஒட்டி, வெட்டிய வெற்றிடங்களை மணல் கொண்டு நிரப்புவதற்கான சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. 1958 பிப்ரவரியில் சினாகுரி சுரங்க வெடிப்பில் 176 பேர் மாண்டனர். அதே ஆண்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பினரும் கூடிய முதல் சுரங்கப் பாதுகாப்பு மாநாடு நடைபெற்றது. 1965 மே 28 அன்று தோரி சுரங்கத்தில் 268 பேர் இறந்தனர்.

இந்த வரிசையைப் பார்க்கும்போது, ஒவ்வொரு பேரழிவும் அறியாமை ஒன்றை வெளிப்படுத்திற்று, சட்டம் அதை நிரப்பிற்று என்ற எண்ணம் எழக்கூடும். சாஸ்நாலா அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. கைவிடப்பட்ட சுரங்கப் பகுதிகளில் தேங்கும் நீர் ஒரு புதிய ஆபத்தன்று. 1954 டிசம்பரில் நியூட்டன் சிக்லி சுரங்கத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்திருந்தனர். 1957ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகள் இதுபற்றித் தெளிவாகவே பேசின. பழைய பகுதியொன்றில் நீர் இல்லை என்று ஆய்ந்து உறுதி செய்யப்படாத நிலையில், அதிலிருந்து 60 மீட்டர் தொலைவுக்குள் முன்அனுமதி இன்றி வேலை செய்யலாகாது. அனுமதி பெற்று வேலை செய்யும்போதும், வெட்டுமுகத்துக்கு முன்னால் துளையிட்டு, நீர் உண்டா என்று சோதித்துக்கொண்டே செல்லவேண்டும். கைவிடப்படும் சுரங்கத்தின் வரைபடம் தலைமை ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்படவேண்டும். சாஸ்நாலாவுக்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இவ்விதிகள் அச்சில் இருந்தன. ஆகவே அங்கு குறைந்தது சட்டமன்று.

விதி ஒன்று 60 மீட்டர் என்று கூறும்போது, அத்தொலைவை எதிலிருந்து அளப்பது என்ற கேள்வி எழுகிறது. மண்ணுக்கடியில் கண்ணால் அளக்க வழியில்லை, தாளின்மேல்தான் அளக்கவேண்டும். பழைய பகுதியின் எல்லை வரைபடத்தில் பிழையாக இருப்பின், விதியைக் கடைப்பிடிப்பவரும் நீரை நோக்கியே வெட்டிச் செல்வார். ஜரியா வயலின் வரலாறு இவ்விடத்தில் முக்கியமாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்கு எண்ணற்ற சிறு நிறுவனங்கள் அடுத்தடுத்து நிலக்கரி வெட்டின. மேலோட்டமான, எளிதில் கிடைக்கும் படுகைகளை விரைந்து வெட்டி விற்றுவிட்டு இடம் மாறுவதே அவற்றிற் பலவற்றின் வழக்கம். உரிமையாளர் மாறுவர், குத்தகை மாறும். வெற்றிடங்கள் மட்டும் அங்கேயே இருந்து மழைநீரையும் ஆற்று நீரையும் உள்வாங்கிக்கொள்ளும். எல்லையைக் கடந்து வெட்டியவர் அதை வரைபடத்தில் காட்ட விரும்பமாட்டார். இவ்வாறு, ஒரு தலைமுறையின் ஏட்டுப் பிழை அடுத்த தலைமுறையின் நீர்க்கல்லறையாவதற்கு வழி திறந்திருந்தது.

தனியார் சுரங்கங்களின் இத்தகைய நிலையே தேசியமயமாக்கலுக்கு முன்வைக்கப்பட்ட வலுவான காரணங்களுள் ஒன்று. 1971 முதல் 1973 வரையிலான காலத்தில் பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. எஃகு ஆலைகளின் சொந்தச் சுரங்கங்கள் சில அதற்கு விலக்குப் பெற்றன. இந்திய இரும்பு எஃகு நிறுவனத்தின் சாஸ்நாலா அவற்றுள் ஒன்று. ஆயினும் அந்நிறுவனத்தின் நிர்வாகத்தை 1972இலேயே மத்திய அரசு ஏற்றுக்கொண்டிருந்தது. எனவே 1975இல் சாஸ்நாலாவை நடத்தியது, லாபம் ஒன்றையே நோக்கிய பழைய தனியார் முதலாளி அல்லர். மக்களின் பெயரால் இயங்கிய நிர்வாகம். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஆறு மாதங்களாகியிருந்தன. செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. துயரத்தை வெளியிடத் தடையில்லை. துயரத்திலிருந்து எழும் கேள்வியை எவ்வளவு தூரம் வெளியிடலாம் என்பதற்கு எல்லை இருந்தது.

பொதுநினைவு இச்சிக்கலைத் தனக்கே உரிய முறையில் தீர்த்துக்கொண்டது. 1979இல் யஷ் சோப்ரா இயக்கத்தில் வெளிவந்த ‘காலா பத்தர்’ என்னும் இந்தித் திரைப்படம் சாஸ்நாலாவால் தூண்டப்பட்டது என்பது பரவலாக அறியப்பட்டது. நீர் தேங்கிய பழைய பகுதியின் ஆபத்தைப் பொறியாளர் எச்சரிக்கிறார். பேராசை கொண்ட தனியார் முதலாளி அதைப் புறக்கணிக்கிறார். சுரங்கம் நீரில் மூழ்குகிறது. சாஸ்நாலாவை நேரில் அறியாத பல இலட்சம் பேர் அதன் துயரை இப்படத்தின் வழியே உணர்ந்தனர். அது சிறிய பணியன்று. ஆனால் பழி, அரசு நிர்வாகத்திடமிருந்து தனியார் முதலாளியிடம் இடம்மாறியது. பேராசைக்காரர் ஒருவர் இருந்தால் கதை முடிவடைகிறது. ஒப்புதல், அளவை, ஆய்வு, கையொப்பம் என்று பல கைகளில் பரவிய பொறுப்பைக் கதையாக்குவது கடினம். விபத்துகளின் பண்பாட்டு நினைவை ஆராய்வோர் கவனிக்கவேண்டிய இடம் இது.

சுரங்கத்திலிருந்து நீரை இறைத்து வெளியேற்றப் பம்புகள் வெளிநாடுகளிலிருந்தும் வரவழைக்கப்பட்டன. உயிருடன் மீட்கப்பட்டவர் எவருமில்லை. உடல்களுக்காகக் குடும்பங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தன. சுரங்கங்களில் பணிக்கு இறங்குவோருக்கு விளக்கு அறையில் எண்ணிட்ட தலைவிளக்கு வழங்கப்படும். பணி முடிந்ததும் அது திரும்ப வரவேண்டும். திரும்பாத விளக்கின் எண்ணே திரும்பாத மனிதரின் முதற்பதிவு. மண்ணுக்கடியில் எந்நேரத்தில் யார் யார் இருக்கின்றனர் என்பதைக் காட்டும் பதிவேடு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயம். அச்சட்டம் இருந்தும், 372க்கும் 375க்கும் இடையே மூன்று மனிதர்கள் இன்றுவரை எழுத்தில் ஊசலாடுகின்றனர். ஒரு குடும்பத்துக்கு இழப்பீடும் வாரிசு வேலையும் கிட்டுவது, பதிவேட்டின் ஒரு வரியைப் பொறுத்தது. இறந்தவரின் பெயர் அதில் இல்லையெனில், அவர் இறந்தார் என்பதற்கு முன்னால் அவர் அங்கு வேலை செய்தார் என்பதையே மெய்ப்பிக்கவேண்டும்.

பாட்னா உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி யு. என். சின்ஹா தலைமையில் விசாரணை நீதிமன்றம் அமைக்கப்பட்டது. குற்ற வழக்கு தனியே நடந்தது. 2012இல், விபத்து நிகழ்ந்து முப்பத்தாறு ஆண்டுகள் கடந்தபின், தன்பாத் நீதிமன்றம் முன்னாள் அலுவலர் இருவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இறந்தவர்களின் பிள்ளைகள் அதற்குள் தாங்களே பணிஓய்வை நெருங்கியிருப்பர். இத்தகைய தாமதம், நீதியைக் குறைப்பதோடு நில்லாமல் பாதுகாப்பையும் குறைக்கிறது. ஏனெனில் வரைபடத்தில் கையொப்பமிடும் அலுவலருக்கு, அக்கையொப்பத்தின் விளைவு தம் பணிக்காலத்துக்குள் வந்து சேராது என்ற உறுதியை அது அளிக்கிறது.

சாஸ்நாலாவுக்குப் பின் மாற்றங்கள் நிகழவில்லை என்று கூறவியலாது. சுரங்கச் சட்டம் 1983இல் திருத்தப்பட்டது. தொழிலாளர் தரப்பு ஆய்வாளரும் சுரங்கப் பாதுகாப்புக் குழுவும் அந்தப் பத்தாண்டில் விதிகளுள் இடம்பெற்றன. சுவரில் கசிவைத் முதலில் காண்பவர் வெட்டுமுகத்தில் நிற்கும் தொழிலாளி என்ற எளிய உண்மைக்கு அது சட்ட வடிவம் தந்தது. ஆனால் நீர் நிற்கவில்லை. 1989 நவம்பரில் ராணிகஞ்ச் வயலின் மகாபீர் சுரங்கத்தில், பழைய பகுதியின் நீர் பாய்ந்து 6 பேர் இறந்தனர். மேற்பரப்பிலிருந்து துளையிட்டு, எஃகுக் கூண்டு இறக்கி, 65 பேர் மீட்கப்பட்டனர். அக்கூண்டில் தாமே இறங்கிய பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் இன்று நாடெங்கும் அறியப்படுகிறார். துளையிடுவதற்கே, அவர்கள் எங்கே ஒதுங்கியிருப்பர் என்று கணிக்கவேண்டும். மீட்புக்கும் வரைபடமே முதற்கருவி. 1995 செப்டம்பரில் கஸ்லிட்டாண்டில் கத்ரி ஆற்று வெள்ளம் சுரங்கத்துள் புகுந்து 64 பேர் இறந்தனர். 2001 பிப்ரவரியில் பாக்டிகியில், அடுத்திருந்த கைவிடப்பட்ட சுரங்கத்தின் நீர் உடைத்துக்கொண்டு பாய, 29 பேர் இறந்தனர். சாஸ்நாலாவுக்குக் கால் நூற்றாண்டுக்குப் பின், அதே ஜரியா வயலில், அதே காரணம்.

இவையெல்லாம் ஏடுகள் இருந்தும் பிழைபட்ட இடங்கள். ஏடே இல்லாத இடம் மேகாலயா. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் தடை விதித்த பின்னரும் கிழக்கு ஜைந்தியா மலைகளில் எலிவளைச் சுரங்கங்கள் தொடர்ந்தன. 2018 டிசம்பர் 13 அன்று, க்சான் என்னும் இடத்தில் அத்தகைய சுரங்கமொன்றில் நீர் புகுந்தது. உள்ளே சிக்கியோர் தொடக்கத்தில் 13 பேர் எனப்பட்டது. பின்னர் 15 என்றாயிற்று. பெயர்ப்பதிவேடு இல்லாததால் காணாமற்போனோரை உறவினர் வாய்மொழியாகவே எண்ணவேண்டியிருந்தது. வரைபடம் இல்லாததால், கடற்படையின் நீர்மூழ்குவோருக்கும் எந்த வளை எங்கே செல்கிறது என்பது தெரியவில்லை. இரண்டு உடல்கள் மட்டுமே வெளிக்கொணரப்பட்டன. 2025 ஜனவரியில் அசாமின் உம்ராங்சோவில் 9 தொழிலாளர் இவ்வாறே நீரில் சிக்கினர்.

முறையான சுரங்கங்களிலும் பெயர்ப்பதிவேடு வலுவிழந்து வருவதற்குக் காரணம் ஒப்பந்த முறை. 2016 டிசம்பரில் ஜார்க்கண்டின் ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 பேர் இறந்தபோது, மாண்டோர் ஒப்பந்த நிறுவனத்தின் பணியாளர். சுரங்கம் ஒருவருடையது, தொழிலாளி மற்றொருவருடையவர் என்றாகும்போது, பெயர் எவருடைய ஏட்டில் இருக்கவேண்டும் என்பதே வழக்காகிறது.

சாஸ்நாலாவில் ஆண்டுதோறும் டிசம்பர் 27 அன்று நினைவுத்தூணின்முன் மலர் வைக்கப்படுகிறது. அது தேவையான சடங்கு. பெயர்களை மறவாமல் காப்பது அச்சடங்கே. ஆனால் பொதுத் துயரம் பெயர்களோடு நின்றுவிடும்போது, நிர்வாகத்துக்கு அது எளிதாகிறது. இழப்பீட்டுத் தொகை அறிவிக்கப்படும், விசாரணை அமைக்கப்படும், துயரத்தின் காலம் முடியும். விசாரணை அறிக்கைகள் தொழிலாளர் வாசிக்கும் மொழியில் பரவலாக வெளிவருவதில்லை. கைவிடப்பட்ட சுரங்கங்களின் வரைபடங்கள், அவற்றின்மேல் வாழும் மக்களுக்கும் அவற்றின் அருகே வெட்டும் தொழிலாளருக்கும் எளிதில் கிட்டுவதில்லை. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், 2020இல் நிறைவேறிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டுள்ள இக்காலத்தில், மாணவரும் ஆய்வாளரும் கேட்கவேண்டிய கேள்வி, புதிய சட்டத்தில் எத்தனை பிரிவுகள் உள்ளன என்பதன்று. மண்ணுக்கடியில் நிற்பவரின் பெயர் எந்த ஏட்டில் உள்ளது, அவருக்கு அப்பால் உள்ள நீர் எந்தத் தாளில் வரையப்பட்டுள்ளது, அத்தாளை அவர் கண்டிருக்கிறாரா என்பதே.