சிம்லா ஆபீஸின் மழைக் கணக்கு

புனே சிவாஜிநகரில் ‘சிம்லா ஆபீஸ்’ என்று ஒரு நாற்சந்தி உண்டு. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லா மலையிலிருந்து இறங்கி இங்கே குடிவந்தது. 1944-இல் டெல்லிக்குப் போய்விட்டது. பெயர் போகவில்லை, பருவமழைக் கணிப்பு வேலையும் போகவில்லை.

மழையை முன்கூட்டிச் சொல்லும் வேலையைத் தூண்டியதே பஞ்சம்தான். 1875-இல் துறை தொடங்கியது. அடுத்த ஆண்டே மழை பொய்த்து, தக்காணமும் சென்னை மாகாணமும் தாது வருஷப் பஞ்சத்தில் விழுந்தன. இமயத்தில் பனி கூடினால் சமவெளியில் மழை குறையும் என்று கருதிய ஹென்றி பிளான்ஃபோர்டு, 1886-இல் முறையான முதல் கணிப்பை வெளியிட்டார். பிறகு வந்த கில்பர்ட் வாக்கர் உலகின் காற்றழுத்தக் கணக்குகளை ஒப்பிட்டு, பசிபிக்கில் காற்றழுத்தம் மாறிமாறி ஏறி இறங்கும் ‘தென் அலைவை’ அடையாளம் கண்டார். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவின் மறுபாதி அதுதான்.

ஆனால் ‘நாட்டில் மழை இவ்வளவு’ என்றால் உழவனுக்கு என்ன பயன்? அந்தக் கேள்விக்காக 1932-இல் புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு பிறந்தது. பொறுப்பேற்றவர் பாலக்காட்டுக்காரரான எல். ஏ. ராமதாஸ், சி. வி. ராமனின் மாணவர். வெட்டவெளி மண்ணுக்கு மேலே சாண் சாணாக வெப்பமானி வைத்து இரவில் அளந்து பார்த்தார். மிகக் குளிர்ந்த இடம் தரையல்ல, தரைக்கு ஓரிரு சாண் மேலே! பயிரின் குருத்து நிற்கிற உயரம் அது. கருவிக் கோளாறு என்றே பலரும் ஒதுக்கினார்கள். 1957-இல் ராஷ்கே என்ற ஜெர்மானியர் புனேயிலேயே அளந்து, ராமதாஸ் சொன்னது சரிதான் என்றார்.

பருவமழைக் கணக்கு காலை வாரியதும் உண்டு. 2002-இல் வழக்கமான மழையில் 101 சதவீதம் பெய்யும் என்றது துறை, பெய்தது 81. ஜூலையில் வானம் பாதிகூடத் தரவில்லை. அந்த அடிக்குப் பிறகு கணிப்பு முறையைத் திருத்தினார்கள். 2012-இல் தொடங்கிய பருவமழைத் திட்டத்தில் புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், கடலையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் மாதிரிகளைக் கையில் எடுத்தது.

ஆனாலும் பருவக் கணிப்பு நிலச்சரிவுக்கு உதவாது. 2014 ஜூலை 30 காலை, புனே மாவட்டத்து மாளீண் கிராமம் பெருமழையில் மண்ணுக்குள் போனது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளியுலகுக்குச் சேதி சொன்னது ஓர் அரசுப் பேருந்து ஓட்டுநர். வழக்கமாக வரும் ஊரைக் காணவில்லை என்று. நிலச்சரிவுக்கென்று தேசிய முன்னறிவிப்பு மையம் 2024-இல்தான் வந்தது, அதுவும் கொல்கத்தாவில்.