நீலகிரிக் காட்சி அச்சுகள்

பிரிட்டிஷ் படை அதிகாரிகள் நீலகிரியில் வரைந்து, 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டனில் அச்சான நிலக்காட்சிப் படத்தொகுதிகள். 1830ஐ ஒட்டி வந்த கேப்டன் மெக்கர்டியின் கல்லச்சுப் படங்கள், 1837இல் வந்த ரிச்சர்ட் பாரனின் செப்புத்தகட்டுப் படங்கள், 1847இல் வந்த கேப்டன் பீகாக்கின் தொகுதி ஆகியவை முதன்மையானவை. மெக்கர்டி தம் தொகுதியின் தலைப்பிலேயே நீலகிரியைக் கோயம்புத்தூரின் நீலமலை என்று குறித்தார். மேற்குப் பகுதி சில ஆண்டுகள் மலபாரோடு சேர்ந்திருந்தது நீங்கலாக, 1868 வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆயினும் இப்படங்கள் வளர்த்தது கோயம்புத்தூர் அடங்கிய கொங்கு நாட்டின் அடையாளத்தை அல்ல. தாயகத்தை விட்டு வந்த ஆங்கிலேயரின் அடையாளத்தை.

நிலக்காட்சி அச்சு ஒரு மக்களின் தன்னுணர்வை வளர்க்கும் என்பதற்கு டச்சுக்காரர்களே முன்மாதிரி. 1609இல் ஸ்பெயினோடு போர்நிறுத்தம் ஏற்பட்ட சில ஆண்டுகளில் கிளாஸ் விஸ்சர் ஹார்லெம் நகரின் சுற்றுப்புறங்களைப் பொறித்து வெளியிட்டார். பின்னர் ரேய்னியர் நோம்ஸ் கப்பல்களையும் துறைமுகங்களையும் பொறித்தார். அங்கே வரைந்தவரும் வாங்கியவரும் அந்த மண்ணுக்கு உரியவர்கள். கடல் கடந்தபோது அதே கலையின் வேலை மாறியது. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான டச்சு மதபோதகர் பால்டேயுஸின் நூல், 1658இல் டச்சுக் கும்பினி கைப்பற்றிய நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் டச்சு வாசகருக்குக் காட்டியது. 1792இல் தெற்கே வந்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ், வில்லியம் டேனியல் இருவரும் மைசூர்ப் போரில் பேர்பெற்ற பாராமகால் மலைக்கோட்டைகளை வரைந்தனர். நீலகிரியில் காட்டுவதற்கு வெற்றிகொண்ட கோட்டை இல்லை. அங்கே உரிமையுணர்வை ஊட்டியது இங்கிலாந்தின் ஊர்ச்சாயல்தான்.

கண்ணில் பட்டதைத்தானே வரைந்தார்கள் என்று கேட்கலாம். ஆனால் கண்ணில் பட்டதில் ஒரு பகுதி அவர்களே ஆக்கியது. 1819இல் மலையேறிய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் வீடு கட்டினார். 1823 முதல் 1825 வரை ஓடையை மறித்து ஏரி அமைத்தார். ஆளுநர் லஷிங்டன் காலத்தில் (1827–32) உதகமண்டலம் ஐரோப்பியரின் உடல்நல வாசஸ்தலமாக வளர்ந்தது. அம்மலையின் பழங்குடியினரான தோடர்களும் அவர்களின் குடியிருப்புகளான மந்துகளும் படங்களில் உண்டே என்பது வலுவான மறுப்பு. அவர்கள் இடம்பெற்றது உண்மை. எனினும் காட்சிக்கு அழகு சேர்ப்பவராகவே தெரிகிறார்கள், நிலத்துக்கு உரியவராக அல்ல. அந்நிலம் தோடருடையது என்று சல்லிவனே வாதாடியதையும் லஷிங்டன் அதை ஏற்காததையும் நினைத்தால், இந்த வேறுபாடு சிறியதல்ல. விலை மிகுந்த இந்நூல்களை வாங்கியோர் சிலரே என்பதும் சரி. இங்கிலாந்தின் சாயலை இம்மலையில் முதலில் கண்டவை இவை அல்ல. ஆனால் வந்தவர் பேச்சில் இருந்த ஒப்புமைக்கு இவை நிலையான உருவம் தந்தன. 1877இல் உதகைக்கு வந்த வைஸ்ராய் லிட்டனும் அதை இங்கிலாந்தின் மாவட்டங்களோடுதான் ஒப்பிட்டார்.

பின்னர் ஒளிப்படம் இக்கலையின் இடத்தைப் பிடித்தது. 1873இல் வெளியான ப்ரீக்ஸின் நீலகிரிப் பழங்குடிகள் பற்றிய நூல் ஒளிப்படங்களோடு வந்தது. 1840களிலிருந்து பரவிய யூகலிப்டஸும் சீகையும் பல புல்வெளிகளை மூடிவிட்டதால், பழைய அச்சுகளுக்கு இன்று வேறொரு பயன் உண்டு. பவானிக்கும் மோயாற்றுக்கும் நீர் தரும் மேட்டுநிலம் அயல்மரங்களுக்கு முன் எப்படி இருந்தது என்பதற்கு, வரைந்தவர் விருப்பத்தைக் கழித்துப் படித்தால், இவை கொங்கு நாட்டுக்குச் சான்றாகும்.