சாமய விண்மீனும் சமகிய கோளும்

சாமய: தென்மீன் விண்மீன் கூட்டத்தில், பூமியிலிருந்து ஏறத்தாழ 300 ஒளியாண்டு தொலைவில் உள்ள விண்மீன். பட்டியல் பெயர் எச்.டி. 205739. சூரியனை விடச் சற்றுப் பெரியது, வெப்பமும் கூடியது.

கோள்: இதனைச் சுற்றும் சமகிய ஒரு வாயுப் பெருங்கோள். இதன் நிறை வியாழனின் நிறையைப் போல் குறைந்தது 1.37 மடங்கு. சுற்றுக்காலம் ஏறத்தாழ 280 நாள். நீள்வட்டப் பாதையில் செல்வதால், சூரியனுக்கும் வெள்ளிக்கும் இடையிலான தூரத்தை விட நெருக்கமாகத் தன் விண்மீனை அணுகி, பூமியின் தூரத்தையும் கடந்து விலகுகிறது.

கண்டுபிடிப்பு: கோளின் ஈர்ப்பால் விண்மீன் சற்றே அசைகிறது. அந்த அசைவு ஒளியின் அலைநீளத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தை சிலியின் லாஸ் கம்பனாஸ் ஆய்வகத்து 6.5 மீற்றர் மகெல்லன் தொலைநோக்கியால் அளந்து, 2008இல் வானியலாளர்கள் கோளை அறிவித்தனர்.

பெயர்: சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி, நாடுகளுக்குத் தலா ஒரு விண்மீனுக்கும் அதன் கோளுக்கும் பெயரிடும் வாய்ப்பை அளித்தது. சமாதானம், ஒற்றுமை எனப் பொருள்படும் இச்சிங்களப் பெயர்களை இலங்கை வழங்கியது. 2019 டிசெம்பரில் அவை ஏற்கப்பட்டன. போரால் காயப்பட்ட நாடு, அனைவருக்கும் உரியதாக வானில் பதித்த விருப்பம் இது.

காணல்: இலங்கையின் கல்கிசையிலிருந்து பார்த்தால் சாமய செப்டெம்பர், ஒக்டோபர் முன்னிரவுகளில் தெற்கே 51 பாகை உயரம்வரை ஏறும், இலண்டனிலோ ஏறத்தாழ 7 பாகைதான். பிரகாசம் 8.6 என்பதால் வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. நல்ல இருட்டில் இருகண்நோக்கி போதும். பிரகாசமான போமல்ஹோட் விண்மீன் வழிகாட்டும்.