செயற்கைக்கோள்வழி மின்னல் பதிவின் வரலாறு: அம்மையார்குப்பம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

தென்மேற்குப் பருவக் காலத்தில் ஆந்திர எல்லைப்புறத்தில் பிற்பகலில் திரளும் இடிமேகங்கள், திருத்தணியை அடுத்த நெசவாளர் ஊரான அம்மையார்குப்பத்தைக் கடந்து இரவில் கடற்கரை நோக்கி நகர்வதுண்டு. பல மணி நேரம் நீடிக்கும் இத்தகைய தொகுதிகளின் மின்னல், விண்வெளிப் பதிவுகளில் எவ்வளவு இடம்பெற்றுள்ளது? அப்பதிவின் எல்லையை வகுத்தது மின்னலின் பரவல் அன்று. கருவி நின்ற இடமே என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது.

தாழ்சுற்றுப்பாதைக் காலம்

நாசா நிறுவனத்தின் முதல் மின்னல் உணரி 1995 ஏப்ரலிலும், அதன் மேம்பட்ட வடிவம் 1997 நவம்பரில் டி.ஆர்.எம்.எம். செயற்கைக்கோளிலும் ஏவப்பட்டன. மின்னலில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் 777.4 நானோமீட்டர் ஒளியைப் பிரித்தறிந்தமையால் பகலிலும் பதிவு இயன்றது. பின்னது 2015 வரை தமிழகத்தின் மேலும் பறந்தது. எனினும் ஒவ்வொரு முறையும் ஓரிடத்தை ஏறத்தாழ 90 நொடிகளே நோக்கியது. இத்துணுக்குகளைப் பல்லாண்டு தொகுத்து ஓரிடத்தின் சராசரி மின்னல் அடர்த்தியைக் கணிக்கலாம். ஓர் இரவின் இடிமழை தோன்றி, வளர்ந்து, ஒடுங்கிய வரலாற்றை எழுத இயலாது.

புவிநிலைக் காலம்

2016 நவம்பரில் ஏவப்பட்ட கோஸ்-16 அமெரிக்கக் கண்டங்களை இடையறாது நோக்கியது. பெரும் இடிமழைத் தொகுதிகளில் பரந்து கிடக்கும் மேக அடுக்கில் மின்னூட்டம் கிடைமட்டமாகப் படிவதால், ஒரே மின்னல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடக்கூடும். தரைக்கருவிகள்வழி ஏற்கப்பட்டிருந்த உச்சம், ஓக்லகோமாவில் 2007-இல் பதிவான 321 கி.மீ. ஆகும். 2017 அக்டோபர் 22-இல் கிழக்கு டெக்சாசிலிருந்து கன்சாஸ் சிட்டி அருகுவரை ஓடிய 829 கி.மீ. மின்னலை உலக வானிலை அமைப்பு 2025-இல் உச்சமாக ஏற்றது. திருத்தணிக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவினும் இது மிகுதி. சேமித்த தரவுகளின் மறுஆய்வில்தான் இம்மின்னல் வெளிப்பட்டது என்பது கருதத்தக்கது.

இந்திய நிலை

2022-இல் ஏவப்பட்ட ஐரோப்பியக் கருவி ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும், 2016-இல் ஏவப்பட்ட சீனக் கருவி சீனப் பகுதியையும் முதன்மையாக நோக்கின. அம்மையார்குப்பத்துக்கு வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 பிப்ரவரி 17-இல் புறப்பட்ட இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளில் மின்னல் உணரி இல்லை. ஆயினும் இன்சாட் தரவுகளில் புவியிலிருந்து வெளியேறும் நீளலைக் கதிர்வீச்சின் குறைவைக் கொண்டு, மின்னலை ஏறத்தாழ 2.5 மணி நேரம் முன்னரே கணிக்கும் முறையைத் தேசியத் தொலையுணர்வு மையம் உருவாக்கியுள்ளது. மின்னலை நேரடியாகப் பதிவுசெய்யும் பணியைத் தரைநிலைய வலையமைப்புகளே ஆற்றுகின்றன.

முடிவுரை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி 2022-இல் இந்தியாவில் மின்னலால் 2,887 பேர் இறந்தனர். உச்சப் பட்டியலில் இந்திய மின்னல் இல்லாமையை, இங்கு நெடுமின்னல் நிகழவில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாகாது. இடையறா நோக்கு வாய்க்கும்வரை, தரைநிலையத் தரவுகளை மறுஆய்வுக்கு உரிய வகையில் முழுமையாகப் பேணுவதே செய்யத்தக்கது.