திருவரங்கத் தீவு

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, தென்புறம் காவிரியும் வடபுறம் கொள்ளிடமும் எல்லையாக, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஆற்றிடைக்குறையே திருவரங்கத் தீவு ஆகும். நகருக்கு மேற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவிலுள்ள முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, கிழக்கே கல்லணை அருகே மீண்டும் நெருங்கி வருவதற்குள் சூழ்ந்துகொள்ளும் வண்டல் நிலம் இது. திருவரங்கமும் திருவானைக்காவும் இதன் இரு பேரூர்கள்; அவற்றைச் சுற்றி வாழையும் நெல்லும் விளைகின்றன.

இத்தீவின் வாழ்வைத் தீர்மானிப்பது இரு ஆறுகளின் படுகைகளுக்கு இடையிலான உயர வேறுபாடாகும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் மிகுந்தது. ஆதலால் தடுப்பார் இல்லாவிட்டால் நீர் அதன் வழியே கடலுக்கு ஓடிவிட, காவிரி மணலேறித் தூர்ந்து தஞ்சைக் கழனிகள் காயும். தீவின் கீழ்முனையில் இக்கேட்டைத் தடுத்து நிற்பது, கரிகாலன் கட்டியதாக மரபு கூறும் கல்லணை. மேல்முனையில் அதே பணிக்காக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-38இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் அம்மேலணையின் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. அதே வெள்ளத்தில் தீவை வடகரையோடு இணைத்த பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதியும் சரிந்தது. மேலணைக்கு மாற்றாகப் புதிய கதவணை பின்னர் எழுந்தது.

நிலத்தடி நீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைத் திருவானைக்கா கருவறையிலேயே காணலாம். பஞ்சபூதத் தலங்களுள் நீருக்குரியதான இக்கோயிலில், ஒன்பது துளைகள் கொண்ட கல் சாளரத்தின் வழியே காணும் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறுகிறது. ஆற்றில் வெள்ளம் பெருகும் காலத்தில் ஊற்றும் மிகும்.

திருவரங்கத்து அரங்கநாதர் கோயில் ஏழு திருச்சுற்றுகளுடன் சுமார் 156 ஏக்கர் பரப்பில் விரிந்தது. ஊருக்குள் கோயில் இருப்பதற்கு மாறாக, இங்குக் கோயிலுக்குள் ஊர் இருக்கிறது: உத்தர வீதியும் சித்திரை வீதியும் அடையவளஞ்சான் வீதியும் மதில்களுக்கு இடையே வீடுகளும் கடைகளும் நிறைந்து கிடக்க, தைத் தேர் உத்தர வீதிகளையும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளையும் சுற்றி வருகின்றன. இராமானுசர் கோயில் நிருவாகத்தை ஒழுங்குபடுத்திய காலம் வைணவ வரலாற்றில் ஒரு திருப்பம். 14ஆம் நூற்றாண்டின் தில்லிப் படையெடுப்புகளின்போது ஊரைவிட்டு எடுத்துச் செல்லப்பட்ட உற்சவத் திருமேனி, விசயநகரத் தளபதி கோபணரால் 1371இல் மீண்டும் எழுந்தருளுவிக்கப்பெற்றது. நூற்றாண்டுகளாக அடிநிலையோடு நின்றுவிட்ட தெற்கு இராசகோபுரம் 13 நிலைகளுடன் 236 அடி உயரத்தில் 1987இல்தான் முற்றுப்பெற்றது.

ஆறுகள் அரணாவதோடு பொறியாகவும் மாறக்கூடும் என்பதற்குக் கருநாடகப் போர் சான்று. 1752இல் ஆர்க்காட்டு அரியணைக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் லா தலைமையிலான பிரெஞ்சுப் படையும் தீவுக்குள் பின்வாங்கிக் கோயில் மதில்களை நம்பித் தங்க, ஆங்கிலேயப் படையின் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தைக் கைப்பற்றிப் புதுச்சேரி வழியை அடைத்தார். தென்கரையில் திருச்சிக் கோட்டை ஆங்கிலேயர் பக்கம் இருந்தது. உணவும் உதவியும் அற்றுப்போன நிலையில் ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிபு கொல்லப்பட்டார். ஆர்க்காட்டு அரியணைப் போட்டியின் போக்கே அதனால் மாறியது.

திருவரங்கம் நகராட்சி 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. மாநகரின் குடிநீர் இன்றும் காவிரி, கொள்ளிடப் படுகைகளின் மணலில் அமைந்த நீர்சேகரிப்புக் கிணறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. அம்மணல் குறைந்தால் அணைக்கும் பாலத்துக்கும் நேரும் கேடு குடிநீருக்கும் நேரும் என்பதால், படுகையைக் காப்பதே இத்தீவின் முதல் தேவை.